‘போதும்’: நிறைவின் இலக்கணமும் மொழிபெயர்ப்பின் சறுக்கலும்

தமிழில் வெளிவரும் தன்முன்னேற்ற நூல்களுள் கணிசமானவை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. நேரடியாகத் தமிழில் எழுதப்படுவனவும் பெரும்பாலும் அவற்றின் நடையையே பின்பற்றுகின்றன. இந்நூல்களில் அடிக்கடி எதிர்ப்படும் கட்டளை ஒன்று உண்டு: பழகிய எல்லையைவிட்டு வெளியே வா என்பது. ஆங்கிலத்தில் ‘கம்ஃபர்ட் ஸோன்’ எனப்படும் அவ்வெல்லைக்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை. ‘சௌகரிய வட்டம்’, ‘வசதி வளையம்’, ‘பாதுகாப்பு வளையம்’ எனப் பலவாறு வழங்குகிறது. கணினிவழி மொழிபெயர்ப்பு ‘ஆறுதல் மண்டலம்’ என்றும் தருகிறது. ஒரு கருத்துக்குப் பல பெயர்கள் போட்டியிடுவது கலைச்சொல்லாக்கத்தின் தொடக்க நிலையில் இயல்பே. ஆயின் இங்கு நேர்ந்திருப்பது சொல்தட்டுப்பாடு மட்டுமன்று. அவ்வாங்கிலத் தொடர் தன்னோடு ஒரு மதிப்பீட்டையும் கொண்டுவருகிறது. நிறைவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சோம்பலின் பக்கம் தள்ளிவிடுகிறது. இத்தள்ளல் எவ்வாறு நிகழ்கிறது என்பதும், அதனால் தமிழ் வாசகன் எதனை இழக்கிறான் என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

முதலில் பெயர்ப்புகளையே நோக்கலாம். ‘வசதி’ வடமொழியில் உறைவிடத்தைக் குறித்த சொல். இன்றைய தமிழில் அது வாய்ப்பையும் செல்வநிலையையும் குறிக்கும். ‘வசதியான குடும்பம்’ என்றால் பணமுள்ள குடும்பம் என்றே எவரும் கொள்வர். எனவே ‘வசதி வளையத்தைவிட்டு வெளியேறுங்கள்’ என்னும் தொடர், மேலும் பொருளீட்டத் தூண்டும் நூலிலேயே இடம்பெற்றாலும், தமிழ்க் காதுக்குத் துறவறத்துக்கு அழைப்பதாகவே ஒலிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் எண்ணியதற்கு நேர்மாறான பொருள் இது. ‘ஆறுதல்’ இன்னும் விலகியது. பால் ஆறுவதும் புண் ஆறுவதும் துயர் ஆறுவதும் ஒரே வினையாற் சொல்லப்படுகின்றன. சூடோ வலியோ முன்னதாக இருந்திருக்க வேண்டும். ஆறுதல் வேண்டுபவர் துன்புற்றவர். அவரை ஆறுதலைவிட்டு வெளியே வா என அழைப்பதில் ஊக்கமூட்டல் ஏதும் இல்லை. ‘சௌகரியம்’ ஓரளவு பொருந்தும். எளிதிற் செய்யத்தக்க நிலை என்னும் வடமொழிப் பொருளின் சாயல் அதில் எஞ்சியுள்ளது.

ஆங்கிலக் ‘கம்ஃபர்ட்’ என்னும் சொல்லே வலுவூட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு அச்சொல்லை எதிர்கொண்ட இடத்தில் ‘தேற்றரவாளன்’ என்றது. தேறுதல் என்பது துயரிலிருந்து மீள்வது, நோயிலிருந்து மீள்வது, தேர்வில் வெல்வது ஆகிய அனைத்தையும் குறிக்கும். இதமும் வலிமையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது அந்த ஆக்கத்தில் காப்பாற்றப்பட்டுள்ளது. இன்றைய ‘வட்ட’ங்களிலும் ‘வளைய’ங்களிலும் அது காணாமற் போயிற்று.

‘கம்ஃபர்ட் ஸோன்’ என்னும் தொடரின் வரலாறும் நோக்கத்தக்கது. 1920களில் அமெரிக்க வெப்பமூட்டல், காற்றோட்டப் பொறியியல் ஆய்வுகளில் அது கலைச்சொல்லாக வழங்கியது. ஹௌட்டன், யாக்லோ ஆகியோரின் 1923ஆம் ஆண்டு ஆய்வு, எந்த அளவு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அறையிலிருப்போர் இதமாக உணர்கின்றனர் என்பதை வரையறுக்க முயன்றது. அங்கு அந்த மண்டலம் பொறியாளர் அடைய முயலும் இலக்கு. அதைவிட்டு வெளியேறுமாறு எவரும் எவரிடமும் சொல்லவில்லை. மேலாண்மைத் துறைக்கு வந்தபோது மதிப்பு தலைகீழாயிற்று. ஜூடித் பார்ட்விக் 1991இல் வெளியிட்ட நூல் தலைப்பிலேயே இம்மண்டலத்தை ஆபத்தோடு இணைத்தது. ஊழியர்கள் தம் உழைப்போடு தொடர்பின்றி உரிமை பாராட்டும் வழக்கத்துக்கு ஆளாகிவிட்டனர், அது அமெரிக்கத் தொழில்களைக் கெடுக்கிறது என்பது அந்நூலின் கவலை. அதாவது, நிறுவனம் தன் ஊழியரைப் பற்றிக் கூறிய குறை அது. தன்முன்னேற்ற நூல்கள் அதனைத் தனிமனிதன் தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ள வேண்டிய குறையாக மாற்றிக்கொண்டன. சான்றாக யெர்க்ஸ், டாட்சன் ஆகியோரின் 1908ஆம் ஆண்டு ஆய்வையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். அது சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி தந்து பழக்கம் உருவாகும் விரைவை அளந்த ஆய்வு. கடினமான வேறுபாட்டைக் கற்கையில் நடுத்தர அளவு அதிர்ச்சியே விரைந்து பயன் தந்தது. மிகுந்தபோது கற்றல் பிந்தியது. சுண்டெலியின் அதிர்ச்சிக்கும் மனிதனின் மனநிறைவுக்கும் தொடர்பு கற்பிப்பதே துணிச்சல். கற்பித்தாலும், ‘போதும்’ என்னும் புள்ளி ஒன்று உண்டு என்பதையன்றோ அது காட்டுகிறது?

நிறைவை ஒரு ‘மண்டலம்’ ஆக்கியவுடன் உள்ளே, வெளியே என்னும் எதிர்வு தானே வந்துவிடுகிறது. உள்ளே இருப்பவன் அஞ்சியவன், வெளியேறியவன் துணிந்தவன். தமிழின் நிறைவுச் சொற்கள் இடத்தை அடிப்படையாகக் கொண்டவை அல்ல. அவை அளவையும் பொருத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. ‘அமை’ என்னும் வினையைக் காண்க. அடங்குதல், பொருந்துதல், உடன்படுதல், நிறைவுறுதல் என விரியும் இவ்வினையிலிருந்தே ‘அமைதி’ பிறந்தது. இலக்கண நூலார் ‘இலக்கண அமைதி’ என்கையில் பொருத்தத்தையே கருதுகின்றனர். நல்ல வேலை ‘அமைந்தது’, வீடு ‘அமைந்தது’ என்னும் இன்றைய வழக்கிலும் தேடியதும் கிடைத்ததும் இசைந்த நிலையே சொல்லப்படுகிறது. இதே வேர் பிறவினையாகும்போது ‘அமைத்தல்’, அதாவது கட்டுதல், உருவாக்குதல் ஆகிறது. அமைந்திருப்பதும் அமைப்பதும் ஒரே வேரில் நிற்கின்றன. அமைந்தவன் செயலற்றவன் என்பதற்குச் சொல்லமைப்பில் இடமே இல்லை.

‘சால்’ என்னும் வேர் இதனினும் வளமானது. நிறைதல், போதுமானதாதல் என்பன அதன் பொருள்கள். ‘சால்பு’, ‘சான்றோர்’ ஆகியன இதன் வழிவந்தவை. நிறைந்தவரே சான்றோர்; போதுமான தன்மையே பெருந்தன்மையாயிற்று. சங்க இலக்கியத்தில் ‘சான்றோர்’ போர்வீரரையும் குறித்தமை அறிஞர் பலரும் எடுத்துக்காட்டியதே. ஆக, நிறைவைக் குறிக்கும் வேரிலிருந்து வீரரைக் குறிக்கும் சொல் பிறந்திருக்கிறது. அதனைக் கோழைமையின் மறுபெயராகக் கொள்வது இம்மொழியின் வரலாற்றுக்குப் புறம்பானது. இவ்வேர் தமிழில் உயர்வழக்கில் மட்டும் எஞ்ச, தெலுங்கில் அன்றாட உணவு வேளைக்கு வந்து நிற்கிறது. தெலுங்கர் ‘சாலு’ என்று பரிமாறுபவரைத் தடுப்பதும் தமிழர் ‘சான்றோர்’ என்று போற்றுவதும் ஒரே வேரால். கன்னடத்தின் ‘சாகு’ என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. குறளின் ‘சான்றாண்மை’ அதிகாரத்துக்கு 1886இல் போப் இட்ட ஆங்கிலத் தலைப்பு குறைவின்மையைச் சுட்டுகிறது. அது தவறன்று. எனினும் ஆங்கிலச் சொல் முழுமைப்பட்ட முடிவைக் காட்ட, தமிழ்ச் சொல் போதிய அளவைக் காட்டுகிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

வடமொழிவழி வந்த ஒரு சொல்லையும் இங்குச் சுட்ட வேண்டும். ‘சந்தோஷம்’ வடமொழியில் உள்ளது போதும் என்னும் மனநிலையைக் குறித்தது. யோக சூத்திரத்தின் நியமங்களுள் அது தவத்துக்கு முன்னதாக வைக்கப்பட்டுள்ளது. போதுமென்றிருத்தலும் கடுமுயற்சியும் அடுத்தடுத்து நிற்பதில் அந்நூலுக்கு முரண் ஏதும் தோன்றவில்லை. இந்தி, மராத்தி, வங்காளம் ஆகியவற்றில் இச்சொல் இன்றும் பெரிதும் அப்பொருளிலேயே வழங்குகிறது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலோ அது மகிழ்ச்சி என்று மாறிவிட்டது. 1975இல் வெளிவந்த ‘ஜெய் சந்தோஷி மா’ திரைப்படத்தின் தெய்வம் தமிழர் செவிக்கு மகிழ்ச்சித் தாயாகவே ஒலித்திருப்பாள். இந்தியிலிருந்து பெயர்ப்போர் எழுத்தொப்புமையை நம்பிச் ‘சந்தோஷம்’ என்றே எழுதிவிடுவதுண்டு. அமைந்த மனம் அங்கே குதூகலமாகிவிடுகிறது. ‘மனநிறைவு’ என்னும் சொல் கைக்கெட்டும் தொலைவில் இருக்க இது தேவையற்ற இழப்பு.

இனி, தமிழர் அன்றாடம் ஆளும் ‘போதும்’ என்னும் சொல்லுக்கு வரலாம். இது குறைவினை. ‘போதும்’, ‘போதாது’ என்னும் இரு முற்றுகளும் ‘போதிய’, ‘போதாத’ முதலிய சில எச்சங்களுமே இன்று வழக்கில் உள்ளன. பேச்சில் ‘பத்தும்’, ‘பத்தாது’ என்பன இதன் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ‘பற்றாக்குறை’ என்னும் பொருளியற் சொல்லின் பின்னணியும் இதுவே. வேண்டும், தெரியும், பிடிக்கும் என்பவற்றைப் போல, இவ்வினையும் நுகர்வோனை நான்காம் வேற்றுமையில் நிறுத்துகிறது. ‘எனக்கு இது போதும்’ என்பதில் ‘நான்’ செய்பவன் அல்லன். அளவு யாரை நோக்கி அளக்கப்படுகிறதோ அவன். அளவு கருத்தாவைச் சாராமல் நுகர்வோனைச் சார்ந்தது என்பதை வேற்றுமை உருபே சொல்லிவிடுகிறது. ஒருவனுக்குப் போதியது மற்றவனுக்குப் போதாது. ‘கு’ உருபு இல்லாமல் இவ்வினைக்கு முழுப்பொருள் இல்லை. (இதே சொல் இரட்டித்தால் பொருள் திரிகிறது. ‘போதும் போதும் என்றாகிவிட்டது’ என்பது நிறைவன்று, சலிப்பு. நிறைவுக்கு ஒருமுறை சொன்னால் போதும் போலும்.)

பந்தியில் இவ்விலக்கணம் கண்கூடு. இலையின்முன் அமர்ந்தவர் கையை இலைமேல் நீட்டிப் ‘போதும்’ என்கிறார். பரிமாறுபவர் ‘போதுமா?’ எனக் கேட்கலாம். ‘இன்னும் கொஞ்சம்’ என வற்புறுத்தலாம். ஆனால் ‘உங்களுக்கு இது போதும்’ என அவர் சொல்வாராயின் அது விருந்தன்று, அவமதிப்பு. மூன்று தொடர்களிலும் வினை ஒன்றே, நான்காம் வேற்றுமையில் நிற்பவரும் ஒருவரே. மாறுவது பேசுபவர் மட்டும். தனக்குப் போதும் என்பதைச் சொல்லும் உரிமை உண்பவருக்கே உரியது. அடிக்கடி பேசப்படாத இவ்வுரிமையே இங்கு விவாதத்துக்கு உரிய பொருள். நிறைவு நல்லதா, முயற்சி நல்லதா என்னும் வழக்கமான பட்டிமன்றத் தலைப்பு அதற்குப் பின்னரே வரத்தக்கது.

இந்த நோக்கில் பார்த்தால் தன்முன்னேற்ற நூலின் குரல் எங்கிருந்து எழுகிறது என்பது தெளிவாகும். ‘உனக்கு இது போதாது’ என்பதே அதன் அடிப்படைத் தொடர். முன்னிலையை நான்காம் வேற்றுமையில் நிறுத்தி, அளவுகோலைத் தன்மை தன் கையில் வைத்துக்கொள்கிறது. வாசகன் தான் உண்டதைத் தானே அளக்க இயலாதவன் என்பது அதன் முன்முடிவு.

திருக்குறளில் ஊக்கத்தைப் போற்றும் அதிகாரங்கள் பல உள்ளன என்னும் மறுப்பு இங்கு எழக்கூடும். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய மூன்றும் 60 முதல் 62 வரை தொடர்ந்து வருவன. மேடைகளிலும் பாடநூல்களிலும் பெரிதும் எடுத்தாளப்படுவன. ஆனால் அதே பொருட்பாலில் அவற்றுக்கு முன்னதாகவே 48ஆம் அதிகாரமாக வலியறிதல் நிற்கிறது என்பது பலரால் மறக்கப்படுகிறது. மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதும், கிளையின் கடைசிவரை ஏறிவிட்டவன் மேலும் முனைந்தால் உயிரையே இழப்பான் என்பதும் அவ்வதிகாரத்தின் உவமைகள். இரண்டாவது உவமையில் உயிரிழப்புக்குக் காரணமான செயலைச் சுட்டும் வினை ‘ஊக்கு’ என்பதே. 60ஆம் அதிகாரத்தில் உடைமை எனப் போற்றப்படும் ‘ஊக்கம்’ பிறந்த அதே வினை, 48ஆம் அதிகாரத்தில் உயிர்க்கு இறுதி தருவதாகிறது. வள்ளுவரிடம் ஊக்கம் என்பது அளவோடு சேர்ந்தே மதிப்புப் பெறும் சொல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சோம்பலுக்கு அவர் ‘மடி’ என்னும் தனிச்சொல் வைத்திருக்கிறார். அது அமைதலோடும் சால்போடும் எங்கும் கலக்கப்படவில்லை. அளவறிதலும் அங்கு அரசன் தன்னைப் பற்றித் தானே செய்ய வேண்டிய மதிப்பீடாகவே உள்ளது.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. நிறைவைப் போற்றுதல் காலங்காலமாக ஏழைகளை அடக்கி வைக்கப் பயன்பட்டிருக்கிறதே என்பது அது. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ‘உனக்கு இது போதும்’ என்பது களத்துமேட்டில் கூலி அளந்தவர்களின் தொடர். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலி உயர்வுக்கான போராட்டத்தின் தொடர்ச்சியாக, 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். போதாது என்று சொன்னதற்கு அளிக்கப்பட்ட விடை அது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) இந்நிகழ்ச்சியை மையமாகக் கொண்டது. நிலவுடைமையாளரின் அகச்சிக்கலுக்கு அந்நாவல் கொடுத்த இடம் பற்றிய கண்டனம் நியாயமானதே. ஆயினும் அளக்கும் கை யாருடையது என்னும் வினாவிலிருந்து அது நழுவிவிடவில்லை. குறளும் இவ்வகையில் கண்டிப்பானது. நல்குரவு அதிகாரம் வறுமையைத் துன்பமாகவே பேசுகிறது. அதில் அமைதி காணுமாறு வறியவனுக்கு அறிவுரை கூறவில்லை. இரவச்சமோ இரந்து வாழும் நிலையைப் படைத்தவனையே சபிக்கிறது. பேராசையைக் கண்டிக்கும் வெஃகாமை பிறர் பொருளைக் கவர எண்ணுவோனை நோக்கியது, பசித்தவனை நோக்கியதன்று.

ஆகவே நில உடைமையாளரின் ‘உனக்கு இது போதும்’ என்பதும், தன்முன்னேற்ற ஆசிரியரின் ‘உனக்கு இது போதாது’ என்பதும் பொருளில் எதிரெதிரானவை, இலக்கணத்தில் ஒன்றே. விளைவில் இரண்டும் ஒன்றெனக் கூறுவது அபத்தம்: முன்னதற்குப் பின்னால் தீ இருந்தது, பின்னதற்குப் பின்னால் இருப்பது ஒரு புத்தகக் கடை. ஆனால் இரண்டும் பறிப்பது ‘எனக்கு’ என்று தொடங்கும் உரிமையை.

அவ்வுரிமை தடையின்றிச் செயற்படும் ஒரு பாத்திரத்தைத் தமிழ்ப் புனைகதையில் தேடினால் ஜெயகாந்தனின் ஹென்றி முன்னிற்கிறான். ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ (1973) நாவலில் வளர்ப்புத் தந்தையின் ஊரான கிருஷ்ணராஜபுரத்துக்கு வந்து சேரும் ஹென்றி, சாதியாலும் சமயத்தாலும் எந்த வட்டத்துக்குள்ளும் அடங்காதவன். சிற்றப்பன் முறையான துரைக்கண்ணு சொத்தைத் தர முன்வந்தும், அவன் நாடுவது பாழடைந்து கிடக்கும் வீட்டை மட்டுமே. ‘வெளியேறு’ என்னும் உருவகத்தைக் கொண்டு இவனை அளக்கவே முடியாது. பழகிய அனைத்தையும் விட்டு அறியாத ஊருக்கு வந்தவன். வந்த இடத்தில் ‘போதும்’ என நிற்பவன். அவனைக் குறிக்கோளற்றவன் என வாசிப்போர் வீடு செப்பனிடப்படும் பகுதிகளை விரைந்து கடந்துவிடுகின்றனர் என்றே கருத வேண்டியுள்ளது. நாவலின் உழைப்பும் உயிர்ப்பும் அங்கேதான் உள்ளன. முன்னர்க் கூறிய அமைதலும் அமைத்தலும் அங்கு ஒன்றாகின்றன. அவனுடைய நிறைவு நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணமும் உண்டு. அவன் உரிமையுள்ளவன், முழுவதையும் கேட்கலாம், கேட்டால் கிடைக்கும். அந்நிலையில் குறைவாகக் கேட்பதே நிறைவு. கேட்டாலும் கிடைக்காதவனின் மௌனத்தை அப்பெயரால் அழைப்பது பிழை. இவ்வேறுபாட்டை ஜெயகாந்தன் விளக்கவில்லை; பாத்திரத்தின் இருப்பிலேயே வைத்துவிட்டார். ஹென்றியைச் சற்று மிகையான நன்மையோடு படைத்துவிட்டார் என்னும் குறை ஏற்கத்தக்கதே எனினும், அது இவ்விடத்தைத் தொடவில்லை.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய தொடரியல் நுட்பம் ஒன்று எஞ்சியுள்ளது. ‘போதும் என்ற மனநிலை ஆபத்தானது’ என்பது போன்ற தொடர்களில் போதும் முற்றாக நிற்பதில்லை. ‘என்ற’ என்பதற்குள் புதைந்து ஒரு பெயரைத் தழுவிக் கிடக்கிறது. அவ்வாறு புதைந்தவுடன் நான்காம் வேற்றுமை உதிர்ந்துவிடுகிறது. யாருக்குப் போதும் என்னும் வினாவுக்கு அத்தொடரில் இடமில்லை. ஒருவர் சொன்ன சொல் யாருடையதும் அல்லாத நோய்க்குறியாகிவிடுகிறது. ஆங்கில மூலத்தில் அருவப்பெயர் இருப்பதால் தமிழிலும் அருவப்பெயர் வேண்டும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ‘தனக்கு இவ்வளவு போதும் என்று ஒருவர் முடிவு செய்வது ஆபத்தானது’ என விரித்து எழுதினால் கருத்து அதுவே. ஆனால் வாசகன் ‘ஏன் ஆபத்து?’ என்று கேட்கத் தொடங்கிவிடுவான். மூல ஆசிரியர் அவ்வினாவுக்கு விடை வைத்திருக்கிறாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

இந்தியில் ஹென்றியைப் பற்றி எழுத நேரும் திறனாய்வாளருக்குச் ‘சந்தோஷ்’ என்னும் சொல் தயக்கமின்றிக் கைகொடுக்கும். அவனது நிலைக்கு அதனினும் பொருத்தமான சொல் அம்மொழியில் அரிது. அக்கட்டுரை மீண்டும் தமிழுக்கு வருகையில் எழுத்துக்கு எழுத்து ‘ஹென்றியின் சந்தோஷம்’ என்றாகுமாயின், கிருஷ்ணராஜபுரத்தில் சுவர் பூசிக்கொண்டிருந்தவன் வெறும் உல்லாசப் பேர்வழியாகத் திரும்பி வருவான்.